கிலோமீட்டரை மட்டும் எண்ணாதீர்கள்: கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுத் தலைமைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் கார்கள் பரனூர் டோலில் இருந்தே ஊரத் தொடங்குவது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று வழிநெடுக பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கார்கள் ஓரமாக நிற்கும். அடுத்த ஒரு வாரத்துக்கு வொர்க்‌ஷாப்களில் கருகிய கிளட்ச்சும் கொதித்த கூலன்ட்டும்தான் வேலை. இப்படி வரும் வண்டிகளில் பல 30,000 கி.மீ. கூட ஓடியிருக்காது. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் எல்லா சீலும் ஒழுங்காக விழுந்திருக்கும். உரிமையாளர் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "கிளட்ச் வேர் அண்ட் டேர் சார், வாரண்டியில வராது. நீங்க ஓட்டுற முறை சரியில்ல."

இந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: சர்வீஸ் கணக்கைக் கிலோமீட்டரிலும் மாதத்திலும் மட்டும் வைக்காமல், இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் அதில் சேருங்கள்.

காரணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பத்தாயிரம் கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் என்று பெரும்பாலான புத்தகங்கள் சொல்கின்றன. திருச்சி சாலையில் சராசரி 70 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அந்தப் பத்தாயிரத்தை ஏறக்குறைய 143 மணி நேரத்தில் முடித்துவிடும். ஊருக்குள் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊரும் வண்டிக்கு 500 மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையில் இன்ஜின் 2,200 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 2,200 சுற்று வேகத்தில் சுற்றுகிறது, ஊருக்குள் வண்டி நிற்கையில் இன்ஜின் சும்மா ஓடும் ஐட்லிங்கையும் சேர்த்துச் சராசரி 1,200 என்று வைத்தால்கூட, முதல் வண்டியின் இன்ஜின் 1.9 கோடி சுற்று, இரண்டாவது வண்டியின் இன்ஜின் 3.6 கோடி சுற்று. ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்று. ஆயிலும் ஒன்று, சர்வீஸ் தேதியும் ஒன்று.

சுற்றுகள் கூடுவது ஒரு பக்கம். அந்த 500 மணி நேரமும் எந்த நிலையில் ஓடியவை என்பதுதான் அதைவிட முக்கியம். நகரும் வண்டிக்கு எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நின்ற வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது, ஃபேன் ஒன்றுதான் கதி. அதற்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் வேறு தன் சூட்டை ரேடியேட்டர் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடான ஆயில் இளகிக் கிடக்க, ஐட்லிங்கில் ஆயில் பிரஷரும் மிகக் குறைவாக இருக்கும். பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுவதால் கரண்ட் குறைவாகவே வரும். புளோயரும் ஃபேனும் ஹெட்லைட்டும் அந்த நேரத்தில்தான் அதிகம் இழுக்கும். பேட்டரி சீக்கிரம் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ஓட்டுற முறை சரியில்ல" என்ற வார்த்தை அங்கேதான் வந்து விழுகிறது.

சாதாரணப் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றில் முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து ஏறக்குறைய 14.5-க்கு 1, அதாவது இன்ஜின் 14.5 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐட்லிங் 800 ஆர்.பி.எம். சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர் நகரும். கிளட்ச்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் அந்த வண்டி மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகும். அதைவிட மெதுவாக அதனால் போக முடியாது. முன்னால் இருக்கும் வரிசை 3 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் ஓட்டுநருக்கு பெடலைப் பாதி மிதித்துக் கிளட்ச்சை வழுக்கவிடும் ஹாஃப் கிளட்ச் தவிர வேறு வழி இல்லை. உலகத்திலேயே சிறந்த ஓட்டுநரை உட்கார வைத்தாலும் இதேதான். இடைவெளி விட்டு, நின்று, பிறகு ஒரே மூச்சில் நகரலாமே என்பீர்கள். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கத்திப்பாராவிலும் மத்திய கைலாஷிலும் அந்த இடைவெளியில் இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் புகுந்து நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

சமதளத்தில் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகக் கரைகிறது. மேம்பால ஏற்றத்தில், ஐந்து பேரும் டிக்கி நிறையப் பையும் இருந்தால் இன்னும் கூடும். அடுத்தடுத்து நாலடி நகர்ந்து நாலடி நின்றால் அந்தச் சூடு வெளியேற நேரமே இல்லை. பிளேட்டின் லைனிங் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். பிரஷர் பிளேட்டிலும் ஃபிளைவீலிலும் நீலத் திட்டுகள் விழும். கருகல் வாடை வரும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நாலாவது கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறும், வண்டி ஏறாது. கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டும். ஃபிளைவீலையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த பில் நன்றாகவே கையைக் கடிக்கும்.

இதே கிளட்ச் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் முழுக்கப் பிடித்தபடி மணிக்கணக்கில் இருக்கும். வழுக்கல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே 30,000 கி.மீ.யில் ஒரு கிளட்ச் போயிற்று என்றால், அந்த வண்டி எத்தனை மணி நேரம் எந்தச் சராசரி வேகத்தில் ஓடியது என்று பார்க்காமல் ஓட்டுநர்மேல் பழி போடுவது நியாயமே இல்லை. கிளட்ச்சையும் கியரையும் தானாகவே இயக்கும் ஏ.எம்.டி. வண்டிகளை "கிளட்ச் பெடலே இல்லை, டிராஃபிக்கில் நிம்மதி" என்று சொல்லி விற்கிறீர்கள். உள்ளே இருப்பது அதே உலர் பிளேட்தான். ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் அது எரியும். டெலிவரி நாளில் சாவியோடு இனிப்பும் தருகிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கிளட்ச் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குள் ஓசையில்லாமல் சேர்ந்த தேய்மானம் நெடுஞ்சாலை வேகத்தில்தான் வெளியே வருகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 100-லிருந்து நிறுத்த பிரேக் 6.25 மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். ஆண்டு முழுக்க சிக்னலுக்கு சிக்னல் தேய்ந்த பிரேக் பேட் 40-க்குத் தாராளமாகப் பிடிக்கும், ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. பேட் தேயத் தேய கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். அதைப் பார்த்து எச்சரிக்கையாக வேண்டிய இடத்தில், செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "பிரேக் ஆயில் டாப் அப்" என்று எழுதி ஊற்றிவிடுகிறார்கள். இருந்த ஒரே அடையாளமும் போயிற்று. பேட் லைனிங் எத்தனை மி.மீ. மிச்சம் என்று டிஸ்க் பிரேக் உள்ள ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளந்து எழுதச் சொல்லுங்கள். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தரவரையறை. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரையறை 155 டிகிரிதான். ஊருக்குள்ளேயே ஓடி, கிலோமீட்டர் குறைவு என்பதற்காக நாலைந்து ஆண்டு பிரேக் ஆயில் மாற்றாத கார் ஒரு விடுமுறைக்குக் கொல்லிமலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிஸ்க் பழுக்கும், ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் தரையைத் தொடும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்ஜின் பிரேக்கிங் செய்யத் தெரிந்தவர் தப்பிப்பார்.

டயரும் இப்படித்தான். நகரக் காரின் டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடு, 5 மி.மீ. நிற்கும், ஆனால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். சைடு வாலில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் வயது தெரியும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அந்த டயரில் காற்றும் குறைந்து, முழுச் சுமையும் ஏற்றி, மே மாத வெயிலில் 100-ல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் சைடு வால் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கிறது. அது எதற்கு என்று டெலிவரியின்போது யாரும் சொல்வதில்லை.

பி.எஸ். 6 புகை விதிப்படி வரும் டீசல் கார்கள் இன்னொரு கூத்து. டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் புகைக்கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்றால் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும். அதற்காகச் செலுத்திய கூடுதல் டீசல், இன்ஜின் ஆயிலோடு கலக்கும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மட்டம் கூடும். மஞ்சள் விளக்கு எரிந்ததும் "ஹைவேயில் இருபது நிமிஷம் 60-க்கு மேல, 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாம ஓட்டிட்டு வாங்க" என்கிறீர்கள். அதற்காகவே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். விற்கும்போது "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று கேட்டவர்கள், "எந்த ரோட்டில் ஓட்டுவீங்க?" என்றும் கேட்டிருக்க வேண்டாமா?

உங்கள் விளம்பரங்களில் வரும் கார்கள் ஆளரவமற்ற மலைச்சாலையில்தான் ஓடுகின்றன. வாங்குகிறவர்கள் ஓட்டுவதோ மெட்ரோ பணிக்குத் தடுப்பு போட்டுப் பாதியாகிப்போகும் நகரச் சாலைகளில். ஆயுள் வரி கட்டி, டோல் கட்டி, அதே டோலில் வரிசையில் நின்று கிளட்ச்சையும் எரிக்கிறார்கள். சாலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. அது அரசுக்கு எழுத வேண்டிய மடல், உங்களிடம் கேட்க வந்தது அதுவல்ல.

நாங்கள் கேட்பது புதுமையும் அல்ல. டிராக்டருக்கும் ஜே.சி.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மணி நேரக் கணக்கில்தான் ஆயில் மாற்றுகிறோம். அவற்றின் சுமை வேறு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கார்களிலும் இது நடந்திருக்கிறது: ஓடிய விதத்தை வைத்து ஆயிலின் மீதி ஆயுளைக் கணக்கிட்டுச் சொல்லும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 1980-களின் இறுதியிலேயே கொண்டுவந்தது. இன்ஜின் ஓடும் நேரம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான உங்கள் ஈ.சி.யு.வுக்குத் தெரியாததும் அல்ல. சராசரி வேகத்தை மீட்டரிலேயே காட்டுகிறீர்கள், கிலோமீட்டரை அதனால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும்.

உங்கள் புத்தகங்களே இதை வேறு சொற்களில் ஒப்புக்கொள்கின்றன. கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், "கடும் பயன்பாடு" என்று ஒரு அட்டவணை பலவற்றில் இருக்கிறது. அடிக்கடி நின்று புறப்படும் போக்குவரத்து, நீண்ட நேர ஐட்லிங், தூசு, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஆயிலைப் பாதி இடைவெளியில் மாற்றச் சொல்கிறது. சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் ஓடும் கார் இந்த நான்கில் எதிலிருந்து தப்பும்? எங்கள் ஊருக்கு அதுதான் சாதாரணப் பயன்பாடு. பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டுவதற்காக அதை ஒளித்து வைத்தால், மிச்சச் செலவை வண்டிக்காரர் தலையில் கட்டுகிறீர்கள் என்றுதான் பொருள்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். பெட்ரோல் கார்களுக்குப் பத்தாயிரம் கி.மீ., ஓராண்டு என்பதோடு 300 மணி நேரம் என்றும் சேர்த்து, மூன்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றம் என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். 20 கி.மீ. சராசரிக்கு இது 6,000 கி.மீ.யில் வரும், உங்கள் பொடி எழுத்து அட்டவணைக்கு வெகு தூரமில்லை. டீசலுக்கான எண்ணை உங்கள் பொறியாளர்களே தரட்டும். மீட்டரில் கிலோமீட்டருக்குக் கீழே இன்ஜின் மணி நேரத்தையும் காட்டுங்கள். பழைய கார் வாங்குகிறவருக்கும் அது உதவும், "சிட்டியில் ஓடிய வண்டி, 25,000-தான்" என்ற பேச்சில் அவர் ஏமாற மாட்டார். கிளட்ச் புகாரோடு யாராவது வந்தால், ஓட்டும் முறையைக் குறை சொல்லும் முன் ஸ்கேனரை மாட்டி மணி நேரத்தையும் சராசரி வேகத்தையும் எடுத்து ஜாப் கார்டில் எழுதும்படி உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

மீட்டரை மாற்றப் புதிய மாடல் வரை காத்திருக்கிறோம். சுற்றறிக்கைக்குக் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. மே மாத விடுமுறைக்கு முன் அதை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்போர்