கப்பலுக்கு மட்டும் கிடைத்த கையெழுத்து

வாட்டர்டவுன் பக்கம், விஸ்கான்சின், அமெரிக்கா
1856 நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

கோதுமை அடித்து முடித்த வாரம் உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனசிலேயே நிற்கிறது. மற்றதெல்லாம் சிரிப்பாய் வந்தது. நான் பட்டுடுத்தி, வீட்டுக்கு வேலைக்காரி வைத்திருக்கிறேன் என்று கிணற்றடியில் பேசிக்கொள்கிறார்களாமே! இதை எழுதும்போது என் மேலே கிடப்பது நீ நூற்றுக் கொடுத்த அதே சணல்நார்த் துணிதான். முழங்கையில் இரண்டு ஒட்டு.

ஜெர்மன் மண்ணை, நம் வூர்ட்டம்பெர்க்கை விட்டு அங்கே வந்தால் பிழைக்க முடியுமா என்று அத்தான் கேட்கிறார். பெற்றவளை விட்டுப் போகிற அளவுக்கு இங்கே என்னடி குறை என்று அம்மா கேட்கிறாள். அத்தானுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அது சுலபம்.

எங்களிடம் 40 ஏக்கர் இருக்கிறது. ஒரு ஏக்கர் நம் ஊர் மோர்கனைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாம் ஒரே துண்டாக, அக்கா. அப்பாவின் 6 மோர்கன் 14 இடத்தில் சிதறிக் கிடந்ததே, ஏரைத் திருப்பினால் மாடு பக்கத்து நிலத்தில் கால் வைத்து, அதற்கொரு சண்டை வருமே. அதையும் நாம் ஐந்து பேர் சமமாகப் பிரித்துக்கொண்டோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சரி பங்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் பங்கில் வந்த திராட்சைச் சரிவில் நான் படுத்தால் தலை ஒரு வரப்பிலும் கால் மறு வரப்பிலும் இருக்கும். இங்கே எங்கள் எல்லையை ஒரு சுற்று நடந்துவர, பையனைத் தோளில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் ஆகிறது.

ஆனால் 40 ஏக்கர் என்று ஊரில் பெருமையடிக்காதே. இதுவரை உழுதது 9தான். மிச்சமெல்லாம் மரம். வெட்டினால் மரம் போகும், அடிக்கட்டை போகாது. அது மக்கிப் போக வருஷக்கணக்கில் ஆகும். அடிக்கட்டைகளுக்கு நடுவே கொத்திக் கொத்தித்தான் முதல் வருஷம் மக்காச்சோளமும் உருளையும் போட்டோம். அரசாங்க நிலம் ஏக்கர் 1.25 டாலர் என்று ஏஜெண்டு சொன்னது பொய்யில்லை. வாட்டர்டவுன் பக்கத்தில் நல்ல அரசாங்க நிலம் எங்களுக்கு முன்னமே தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. மேற்கே போகக் கிளம்பிய ஒரு யாங்கியிடம், அதாவது இந்த நாட்டிலேயே பிறந்த ஒருவரிடம், கடன் சொல்லி வாங்கினோம். இன்னும் நாலு வருஷம் கட்ட வேண்டும்.

முதல் கோடையில் இரண்டு பேருக்கும் குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த மாதிரி அதே நேரத்துக்கு வரும். இவர் நடுங்கும் நாளில் நான் மாட்டைப் பார்ப்பேன், நான் நடுங்கும் நாளில் இவர். குயினைன் வாங்கியே ஒரு பன்றிக்குட்டி விலை போயிற்று. குளிர்காலத்தில் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வைத்த வாளித் தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும். இதையெல்லாம் அத்தானிடம் ஒளிக்காமல் சொல். சொல்லிவிட்டு இதையும் சொல்: நாங்கள் வாரத்தில் எந்த நாளும் வெள்ளை ரொட்டி சாப்பிடுகிறோம். அங்கே திருவிழாவுக்குத்தானே அது. பன்றி இறைச்சி சலித்தேபோய்விட்டது. மார்ச்சில் மேப்பிள் மரத்தில் துளை போட்டால் இனிப்புநீர் சொட்டும். கொப்பரையில் காய்ச்சினால் சர்க்கரை. பையன் அதிலேயே வளர்கிறான். திராட்சைதான் இல்லை. காட்டுத் திராட்சையைக் கடித்துவிட்டு இவர் செய்த முகத்தை நீ பார்க்க வேண்டும். மில்வாக்கியில் நல்ல பீர் வடிக்கிறார்கள், இவர் அதைக் குடித்துக்கொண்டே நம் ஊர் நெக்கார் ஆற்றங்கரை ஒயினைப் பற்றிப் பேசுவார்.

இனி அம்மாவின் கேள்வி. இந்தப் பக்கத்தை எல்லாருக்கும் சத்தமாக வாசிக்காதே. அம்மாவுக்கு மட்டும் வாசி.

அம்மா, 1817 பஞ்சத்தை நீதான் எங்களுக்குச் சொன்னாய். முந்தின வருஷம் கோடையே வரவில்லை, கதிர் பச்சையாகவே பனியில் நின்றது, மாவோடு வைக்கோலும் மரத்தூளும் கலந்து ரொட்டி சுட்டோம் என்று. அந்த வருஷம்தான் மாமா உல்ம் நகரில் படகேறி டானூப் ஆற்று வழியாக ரஷ்யாவுக்குப் போனார். ரஷ்ய எல்லையில் இஸ்மாயில் என்ற ஊரில் கூட்டங்கூட்டமாகச் சாகிறார்கள் என்று ஒரு சேதி வந்தது, பிறகு அவரைப் பற்றி ஒன்றுமே வரவில்லை. அவர் ஏன் போனார் என்று நீ கேட்டதே கிடையாது. பசி என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை போலிருக்கிறது.

பசி எனக்கும் தெரியும். 1846-ல் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. அடுத்த மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் ரொட்டிக்காகக் கலகம் நடந்து ராணுவம் வந்தது. அப்போது எனக்கு 17 வயசு. 1848-ல், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகம் ஒழியப்போகிறது என்று மணியடித்தோம், ஞாபகமிருக்கிறதா? ஒழித்ததற்கு ஈடாகத் தவணை கட்டு என்று சீட்டு வந்தது. பிறகு வரிசையாகத் திராட்சை பொய்த்த வருஷங்கள். நூற்றால் கூலி இல்லை, நெய்தால் வாங்க ஆளில்லை. இங்கிலாந்து மில் துணி பாதி விலைக்கு வந்து இறங்கியதை, தறியில் உட்கார்ந்திருக்கும் அத்தானுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் நான் பசிக்காகப் போகவில்லை, அம்மா. அரை வயிற்றோடு பாதி ஊர் இருந்தது, நானும் இருந்திருப்பேன்.

இவரும் நானும் இரண்டு முறை ஊர்ச் சபை முன்னால் போய் நின்றோம். குடும்பம் நடத்தச் சொத்து இருக்கிறது என்று காட்டினால்தான் கல்யாணத்துக்குச் சம்மதம், சட்டம் அப்படி. இவருடைய பங்கையும் என் பங்கையும் சேர்த்துக் காட்டினோம். "உங்களுக்குப் பிறப்பதையெல்லாம் ஊர்ப் பணத்தில் வளர்க்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் யார் என்று உனக்குத் தெரியும், பேர் வேண்டாம். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1852-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். அதே வருஷம் பையன் பிறந்தான். கோயில் பதிவேட்டில் அவன் பேருக்குப் பக்கத்தில் பாதிரியார் என்ன எழுதினார் என்று நீ பார்த்தாய். ஞானஸ்நானத்துக்கு நாம் நாலே பேர்தான் போனோம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அப்புறம் 1854 ஆரம்பத்தில் அதே சபை எங்களைக் கூப்பிட்டு அனுப்பியது. அமெரிக்கா போகச் சம்மதமா? ஊர் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தால் வழிச்செலவில் பெரும் பங்கை ஊரே கொடுக்கும். எங்களைப் பிச்சைக் கணக்கில் வருஷக்கணக்காகச் சுமப்பதைவிட ஒரு தடவை கப்பல் கூலி கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு சரிதான். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் கிடைக்காத கையெழுத்து கப்பலுக்கு ஒரே நாளில் கிடைத்தது. மை காய்வதற்குள் மணல் தூவிக் கையில் கொடுத்தார்கள். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை, அம்மா. எங்கள் சொந்தப் பணத்தில் போகிறோம் என்றேன். சொன்னால் நீ அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாய்.

இப்போது சத்தமாக வாசிக்கலாம்.

ஸ்ட்ராஸ்பூர்க், பாரிஸ் வழியாக ரயிலில் லஆவ்ர் துறைமுகம் போனோம். அமெரிக்காவிலிருந்து பருத்தி ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே பொதியை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்புவானேன் என்று எங்களை ஏற்றிக்கொள்கின்றன. பொதி கிடந்த இடத்திலேயே பலகை அடித்து இரண்டடுக்குப் படுக்கை. பலகை இடுக்கெல்லாம் பஞ்சு. பையன் 47 நாளும் அதைப் பிய்த்து விளையாடினான். அந்தப் பருத்தியை அடிமைகள் பறிக்கிறார்கள் என்பது இங்கே வந்தபின் தெரிந்தது. நாங்கள் வருவதற்குச் சில மாதம் முன்புதான், தப்பி வந்த ஒரு அடிமையை மில்வாக்கிச் சிறையின் கதவை உடைத்து ஜனங்கள் விடுவித்தார்களாம்.

கப்பலில் பொழுதுபோக்கே 'நீ ஏன் வந்தாய்' என்பதுதான். பக்கத்து நாட்டுப் பாடன்காரர் ஒருவர் 1849 புரட்சியில் ராஷ்டாட் கோட்டையில் இருந்தேன் என்பார், ப்ரஷ்யப் படை வந்தது என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு கிழவி மகன் கூப்பிட்டான் என்றாள். இரண்டு பையன்கள் பட்டாளத்துக்குத் தப்பி ஓடுகிறவர்கள், அதைச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். தங்கம் என்று சொன்னவன் ஒருவன், அவனுக்குத்தான் அதிக வாந்தி. என்னிடம் கேட்டால் நிலம் என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

நியூயார்க்கில் இறங்கியதும் நம் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொண்டு ஒருவன் வந்தான். நம் பேச்சைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனிடம்தான் ஏமாந்தோம், பஃபலோ என்ற ஊருக்கு மேலே செல்லாத டிக்கெட்டை மில்வாக்கி வரைக்கும் என்று விற்றுவிட்டான். இப்போது அந்தப் பயம் குறைவு. 1855 ஆகஸ்ட் 1 முதல் காசில் கார்டன் என்ற வட்டக் கட்டடத்தில்தான் எல்லாரையும் இறக்குகிறார்கள். முன்பு அது பாட்டுக் கச்சேரி மண்டபமாம். பணம் மாற்ற, டிக்கெட் வாங்க எல்லாம் உள்ளேயே வசதி. அத்தான் வந்தால் அங்கேயே முடிக்கட்டும். வெளியே வந்து நம் பேச்சுப் பேசுகிறவனை நம்ப வேண்டாம்.

மில்வாக்கியில் இறங்கிய மூன்றாம் நாள் எங்களுக்குக் கல்யாணம். நீதிபதி ஒருவர் பேர் கேட்டார், வயசு கேட்டார், சம்மதமா என்றார். இரண்டு சாட்சி. அவ்வளவுதான். இன்னும் ஏதாவது கேட்பார் என்று இவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். நிலம் எவ்வளவு, பணம் எவ்வளவு, எந்த ஊர்ச் சபை? ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே பையன் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

இங்கே எல்லாரும் எங்களை மாலை போட்டு வரவேற்கிறார்கள் என்று நினைக்காதே. சென்ற வருஷம் ஆகஸ்ட் 6, தேர்தல் நாளில், கென்டக்கியில் லூயிவில் என்ற ஊரில் ஜெர்மன்காரர், ஐரிஷ்காரர் வீடுகளைக் கொளுத்தி 20 பேருக்கு மேல் கொன்றார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை, நாங்கள்தான் இங்கே கூட்டம். ஒரு வேடிக்கை கேள். அங்கே நான் வூர்ட்டம்பெர்க்காரி, பாடன்காரன் அந்நியன். இங்கே வந்துதான் எல்லாரும் ஜெர்மன்காரர் ஆனோம். பக்கத்து நிலத்துக்காரர் ப்ரஷ்யாவின் பொமரேனியாவிலிருந்து வந்த லூத்தரன். ப்ரஷ்ய ராஜா இரண்டு திருச்சபைகளை ஒன்றாக்கி ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தபோது ஒத்துக்கொள்ளாமல், 1843-ல் கூட்டமாக வந்து, குடியேறிய இடத்துக்கு லெபனான் என்று பேர் வைத்தவர்கள். அவர் பேசுவது ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. ஜாடை காட்டித்தான் மாடு கடன் வாங்குகிறேன்.

வாட்டர்டவுனில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ராஷ்டாட் கோட்டையிலிருந்து சாக்கடை வழியாகத் தப்பிய கார்ல் ஷுர்ட்ஸ் அங்கேதான் வீடு கட்டியிருக்கிறார். அவர் மனைவி இந்த வருஷம் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து, விளையாட்டும் பாட்டுமாகச் சொல்லிக்கொடுக்கிறாராம். பையனை அனுப்ப ஆசை, தூரம்தான் அதிகம். 1848 கலகத்துக்குப் பிறகு வந்த படிப்பாளிகளை இங்கே 'லத்தீன் விவசாயிகள்' என்று கேலி செய்வார்கள். கிரேக்கக் கவி ஹோமரைச் சொல்வார்கள், பன்றியை அடைக்கத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை ஜனாதிபதித் தேர்தல். குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் இங்கே இருந்தால் இந்த மாநிலத்தில் ஓட்டு உண்டு. இவரும் போட்டார். யாருக்கு என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அன்று ஊர்ச் சபை முன்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மனுஷர், தாடியைச் சீவிக்கொண்டு ஓட்டுப் போடப் போனதைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. குளிர்காலத்தில் வின்னெபேகோ செவ்விந்தியர்கள் மான்கறி கொண்டுவந்து மாவு கேட்பார்கள். இந்தக் காடு அவர்களுடையது. 1830-களில் அரசாங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பியதாம், அவர்கள் திரும்பித் திரும்பி வருகிறார்கள். இவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். நான், அவர்கள் கேட்டதற்கு மேல் ஒரு படி மாவு போடுவேன்.

அத்தான் வருவதானால் வசந்தத்தில் புறப்படட்டும். ஊரைவிட்டுக் கிளம்ப, கடன் இல்லை என்று அங்கே காட்ட வேண்டும், ஒரு வருஷத்துக்கு ஜாமீன் ஆள் வேண்டும், அதை இப்போதே ஆரம்பிக்கட்டும். தறியை விற்றுவிடலாம், கோடரி இங்கே வாங்கிக்கொள்ளலாம். ரயில் கம்பெனியில் பங்கு தருகிறோம், நிலத்தை அடமானம் எழுது என்று இங்கே வீடு வீடாக வருகிறவர்களிடம் மட்டும் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். இவர் போடவில்லை. பக்கத்தில் பலர் போட்டிருக்கிறார்கள்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், மடிப்பு கிழியாமல் எடு. அது எங்கள் கல்யாணப் பத்திரத்தின் நகல், ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழே ஜெர்மனில் இவர் எழுதியிருக்கிறார். அதைப் பாதிரியாரிடம் கொண்டுபோ. 1852 பதிவேட்டில் பையன் பேர் இருக்கும் பக்கத்தை எடுக்கச் சொல். எழுதினதை அடிக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஓரத்தில் இடம் இருக்கிறது, நான் அன்றைக்கே பார்த்தேன். அதில் தேதியை மட்டும் எழுதச் சொல், மில்வாக்கி என்று ஊர்ப் பேரோடு. எழுதும்வரை அங்கேயே நில், அக்கா.

உன் தங்கை