எஸ்பிடிலாக் பேக்கேஜுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

லினக்ஸ் இயங்குதளமான டெபியனை உருவாக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

டெபியனுக்காக நான் பேக்கேஜ் செய்யும் எஸ்பிடிலாக்கின் புதிய பதிப்பு, புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையைத் தாண்டி, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் கிளைக்குள் போய்விட்டது. சி++ நிரல்கள் லாக் (ஓடும்போது நடப்பதைப் பதிந்துவைக்கும் குறிப்பு) எழுதுவதற்கான லைப்ரரி இது. இதை நம்பி இயங்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. உங்கள் உழைப்பும் அப்படியே மறைந்துபோகக் கூடாது என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி, என் பேக்கேஜைச் சரிபார்த்து டெபியனில் பதிவேற்றும் ஸ்பான்சருக்கு. எஸ்பிடிலாக் தன் மூலக்கோப்புக்குள்ளேயே எழுத்துகளை வடிவமைத்துத் தரும் எஃப்எம்டி லைப்ரரியின் பிரதி ஒன்றையும் வைத்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு, டெபியனில் தனியாக இருக்கும் எஃப்எம்டியோடுதான் இணைக்க வேண்டும் என்பதில் நீங்கள் கொஞ்சமும் தளரவில்லை. அந்தப் பிடிவாதம் நியாயமானது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, அந்த லைப்ரரி எந்தெந்த மென்பொருளுக்குள் புதைந்து கிடக்கிறது என்று தேடுவதிலேயே நிர்வாகிகள் களைத்துப்போனார்கள். பிரதி ஒன்றே ஒன்று என்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ஆனால் இதில் வேலை கூடுதல். எஃப்எம்டி தன் பெரிய பதிப்பு எண்ணைச் சிம்பல் பெயர்களுக்குள்ளேயே (கம்பைல் ஆன கோப்பில் செயல்பாடுகளுக்கு இருக்கும் பெயர்கள்) வைக்கிறது. அந்த எண் மாறும்போதெல்லாம் எஸ்பிடிலாக்கையும் அதைச் சார்ந்தவற்றையும் மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். எஃப்எம்டியின் 9ஆம் பதிப்பில், சி++ மொழியின் வெளியீட்டு முறையான ஆஸ்ட்ரீம் வழியாகத் தானாக அச்சிடும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. பேட்ச் அனுப்பிய நண்பர்களே, "பில்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல் பேட்சையும் (நிரலுக்கான திருத்தம்) சேர்த்தே அனுப்பினீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வேன்!

ரிஸ்க்-வி வகைச் செயலி கொண்ட இயந்திரத்தில் நேரம் அளக்கும் சோதனை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. என்னிடம் அந்த இயந்திரம் இல்லை. தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, லைப்ரரியில் குறை இல்லை, மெதுவான இயந்திரத்துக்கு அந்தக் கால வரம்பு போதவில்லை என்று உறுதி செய்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

அப்புறம், புதிய பேக்கேஜ்களைப் பார்த்து அனுமதிக்கும் எஃப்டிபிமாஸ்டர் குழுவினருக்கு நன்றி. இந்த லைப்ரரியின் சிறு பதிப்பு மாறினாலே பைனரி பேக்கேஜின் பெயரும் மாறும். உடனே மறுபடி, புதிய பெயர்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் நியூ வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும், உரிம விவரங்கள் அடங்கிய காப்பிரைட் கோப்பைப் பொறுமையாகப் படிக்கிறீர்கள்.

வெளி எஃப்எம்டியைப் பயன்படுத்த, பில்டை அமைக்கும் கருவியான சிமேக்கில் ஒரு தேர்வை வைத்திருக்கும் எஸ்பிடிலாக் ஆசிரியர்களுக்கும் நன்றி. அது இல்லையென்றால் இதையெல்லாம் பேட்ச் போட்டே சமாளித்திருக்க வேண்டும்.

பேட்ச் அனுப்பிய எல்லோர் பெயரையும் பேக்கேஜின் மாற்றப் பட்டியலான சேஞ்ச்லாகில் சேர்த்திருக்கிறேன். யார் பெயராவது விடுபட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த பதிவேற்றத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.