நிலா மேல் பழி போட்டால் நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நிலாவுக்கும் பேரழிவுகளுக்கும் உள்ள தொடர்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள் என்பதைப் பெரிய ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். அன்று பௌர்ணமிதான். ஆனால் நிலா அன்று பூமிக்குப் பக்கத்தில் இல்லை. மறுநாள்தான் அந்த மாதச் சுற்றின் மிகத் தொலைவான இடத்துக்கே போனது. நேபாளம் குலுங்கிய 2015 ஏப்ரல் 25 அன்று வானத்தில் இருந்தது அரை நிலா. கருவிகளில் பதிவானதிலேயே மிகப் பெரிய நிலநடுக்கம் 1960 மே 22 அன்று சிலியில் வந்தது, அதன் அளவு 9.5. அது அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு. உடனே "அமாவாசை நெருங்கிவிட்டதே" என்பார்கள். அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் முன்னும் பின்னும் மூன்று நாள் சேர்த்துக்கொண்டால் மாதத்தில் 14 நாள் ஆகிவிடுகிறது. பாதி மாதத்தை வலைபோட்டுப் பிடித்தால் எந்த அழிவும் அதில் விழத்தான் செய்யும்.

நிலாவுக்கு மண்ணின் மேல் ஒரு பிடியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கடல் ஏறி இறங்குவதுபோல நாம் நிற்கும் தரையும் தினமும் சுமார் 30 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அந்த இழுவிசை உச்சத்தில் இருக்கும்போது சிறு அதிர்வு பெரிதாக வளரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்று 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2018இல் சூசன் ஹஃப் என்ற அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர், 400 ஆண்டுகளின் பெரிய நிலநடுக்கங்களை எடுத்து, அவை நிலாவின் குறிப்பிட்ட நாட்களில் கூடுதலாக வருகின்றனவா என்று பார்த்தார். அவருடைய ஆய்வுச் சுருக்கம் ஒரே சொல்: "இல்லை".

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் கடற்கரை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும். அந்த நேரத்தில் புயலும் கரையைக் கடந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே வரும். 2012 அக்டோபர் 29 பௌர்ணமி அன்று சாண்டி புயல் நியூயார்க்கை மூழ்கடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று எனக்கு வருத்தம்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது நிலநடுக்கம் இல்லை. கட்டுரையின் கடைசிப் பத்தி. மனநோய் உள்ளவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியில் முற்றும் என்றும், உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் நிலா அதை இழுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

என் தம்பிக்கு இருமுனை மனநோய் (பைபோலார்): சில காலம் மனம் அளவுமீறித் துள்ளும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். முதல் தடவை அவன் மூன்று இரவுகள் கண்மூடாமல், விடிய விடிய அலமாரியைக் காலிசெய்து அடுக்கிக்கொண்டே இருந்தான். வேகவேகமாகப் பேசினான், சாப்பிடவில்லை. வீட்டில் எல்லாரும் காலண்டரைப் பார்த்தோம். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. "அமாவாசை கழியட்டும், தானாக அடங்கிவிடும்" என்றார்கள் பெரியவர்கள். நானும் தலையாட்டினேன். அமாவாசை கழிந்து மேலும் ஐந்து நாள் போனது. மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு பிசைகிறது.

அப்புறம் மருத்துவர் சொன்னபடி ஒரு நோட்டு போட்டேன். தினமும் எத்தனை மணிநேரம் தூங்கினான், மாத்திரை போட்டானா, மனநிலை எப்படி. பக்க ஓரத்தில் நானாகவே நிலாவையும் வரைந்தேன்: கருப்பு வட்டம், வெள்ளை வட்டம், அரை வட்டம். இரண்டு வருடத்தில் நான்கு முறை நிலைமை மோசமானது. ஒன்று பௌர்ணமியை ஒட்டி, மூன்று அரை வட்டங்களுக்குப் பக்கத்தில். நான்கிலும் அதற்கு முந்திய நாட்களில் தூக்கம் மூன்று, நான்கு மணிநேரமாகக் குறைந்திருந்தது. ஒரு குடும்பத்தின் நோட்டு ஆய்வாகாது, தெரியும். ஆனால் ரோட்டன், கெல்லி என்ற இருவர் 1985இல் 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நிலாவுக்கும் மனிதர்களின் நடத்தைக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. தூக்கம் மட்டும் தனிக் கதை. பௌர்ணமிக்கு முந்திய இரவுகளில் மக்கள் தாமதமாகப் படுத்து, குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படியே இருந்தாலும், வீட்டில் கவனிக்க வேண்டியது அவன் தூக்கத்தைத்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓதம் எழுவது, பூமியின் நிலாப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இழுவிசை வேறுபடுவதால். அந்த இடைவெளி 12,700 கிலோமீட்டருக்கும் மேல். நம் தலைக்கும் காலுக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை, அதனால் அந்த வேறுபாடு நம் உடம்பில் ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். இடுப்பில் இருக்கும் குழந்தைமேல் தாயின் உடம்பு செலுத்தும் இதே வகை இழுவிசை வேறுபாடு நிலாவினுடையதைவிடப் பல மடங்கு பெரிது.

அடுத்த இதழில் ஒரு மனநல மருத்துவரிடம் இதைப் பற்றி எழுதி வாங்கிப் போடுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே கூட்டிவர வேண்டும் என்று அவர் பட்டியலிட்டால் போதும். இந்த மாதமும் ஏதோ ஒரு வீட்டில், அமாவாசை கழியட்டும் என்று ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி