தலையைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யார் மீதும் இடிக்காமல் ஓடி விளையாடும் பிள்ளை, பலகையில் எழுதியது மட்டும் தெரியவில்லை என்றால் ‘நடிக்கிறது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நடுப் பார்வையைக் கெடுக்கும் கண் நோயான ஸ்டார்கார்ட் உள்ள பிள்ளைகள் பலர் முதலில் சுமப்பது இந்தப் பழியைத்தான்.

1909-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்ட் விவரித்த பரம்பரை நோய் இது. பெரும்பாலும் ஏ.பி.சி.ஏ.4 மரபணுவில்தான் கோளாறு. பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். ஆனால் இருவரும் அந்தக் கோளாறைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் கழிவு விழித்திரையில் தேங்கி, அதன் நடுப்பகுதியான மாகுலாவைச் சிதைக்கிறது. எழுத்தும் முகமும் மங்கும். பக்கப் பார்வை பெரும்பாலும் தங்கும். தொடக்கத்தில் விழித்திரை இயல்பாகத் தோன்றக்கூடும். ஆகவே கண்ணாடி போட்டும் பார்வை தேறாவிட்டால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் பற்றி விழித்திரை நிபுணரிடம் கேளுங்கள்.

கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வைட்டமின் ஏ மாத்திரையோ மீன் ஈரல் எண்ணெயோ கொடுத்துவிடாதீர்கள். தேங்கும் கழிவுக்கு அதுவே மூலப்பொருள். வழக்கமான சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை.

வகுப்பில் பெரிதும் உதவுவது தூரத்தைக் குறைப்பது. 4 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் எழுத்து நான்கு மடங்காகத் தெரியும். முதல் வரிசை போதாது. எழுந்துபோய்ப் பலகையருகே நின்று பார்க்கவும் அனுமதி வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

அச்சில்தான் பள்ளிகள் அதிகம் தவறுகின்றன. ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து இரு மடங்காகாது, 1.4 மடங்குதான், 12 பாயின்ட் 17 ஆகும், அவ்வளவே. தாள் மேசையை அடைக்கும், சாம்பல் நிறக் கோடுகள் இன்னும் வெளிறும். கோப்பாகவே கொடுத்தால் பிள்ளை டேப்லெட்டில் தனக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளும். திணறிப் படிக்கிற அளவு போதாது, சரளமாகப் படிக்கிற அளவுதான் கணக்கு. வரி தவறினால், ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிய கறுப்பு அட்டையைப் பக்கத்தின் மேல் வைக்கலாம்.

தலையைத் திருப்பிப் பார்ப்பது கவனக்குறைவல்ல. கெடாத விழித்திரைப் பகுதியால் பார்க்கும் முறை அது. ‘நேராக என்னைப் பார்’ என்று அதட்டினால், தெரிந்துகொண்டிருந்த முகமும் மறைந்துபோகும்.

தேர்வுக்குக் கூடுதல் நேரமும் பெரிய எழுத்து வினாத்தாளும் தேவை. அவற்றை முதன்முறையாகப் பொதுத்தேர்வில் கொடுக்காமல், சாதாரண வகுப்புத் தேர்வுகளிலேயே பழக்குங்கள்.

இப்படிக்கு,
பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்போர்