சோலார் வீட்டில் சிமிட்டும் விளக்குகள்: ஐந்தாவது புகார், இந்த முறை எழுத்தில்

அனுப்புநர்:
உங்கள் 3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டரை வாங்கிய வாடிக்கையாளர்,
அருப்புக்கோட்டை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எல்இடி விளக்குகள் விட்டு விட்டு எரிவது, வாரன்டியை மறுத்தது, உங்கள் ஊழியர் பேசிய பேச்சு.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் நான்கு முறை போனில் புகார் கொடுத்தேன். நான்கு புகார் எண்கள் கிடைத்தன. நான்குமே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தியும் வந்தது. மூன்றாவது செய்தி வந்தபோது ஹாலில் விளக்குக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அதைப் படித்து முடிப்பதற்குள் விளக்கு ஏழு தடவை சிமிட்டியது.

சித்திரை மாதம் உங்கள் ஆட்கள் வந்து மாடியில் பேனல், கீழே நான்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் மாட்டிக் கொடுத்தார்கள். மொத்தம் ரூ.2,40,000. ரூ.78,000 மத்திய அரசு மானியம் வரும் என்று உங்கள் விற்பனை ஆள் சொன்னார். அது ஈபி லைனோடு இணைத்த அமைப்புக்குத்தான், தனியாக பேட்டரியில் ஓடும் இந்த வகைக்குக் கிடையாது என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. சரி, அது தனிக் கதை, இப்போது கிளறவில்லை.

ஆடி பிறந்ததிலிருந்து விளக்குகள் சிமிட்டுகின்றன. மிக்ஸி போட்டால் அதிகமாகிறது. முதல் முறை போன் செய்தபோது "பல்பை மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். பதினொரு பல்பு மாற்றினேன். இரண்டாவது முறை, வேறு கம்பெனி பல்பு போடச் சொன்னார்கள். அதையும் செய்தேன். பழைய பல்புகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் சோதித்துச் சொல்வார்கள் என்றார்கள்.

மதுரைக்குப் போன கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து பல்பைத் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, நிற்க இடமில்லாத பஸ்ஸில் மாட்டுத்தாவணி வரை வந்தேன். அங்கிருந்து ஆட்டோ. ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு தம்பி வந்து, பல்பை வாங்கிச் சுவரில் இருந்த ஈபி ஹோல்டரில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, "நல்லா எரியுதே சார்" என்றார். ஈபி கரண்டில் எரியாமல் என்ன செய்யும்? என் வீட்டிலும் ஈபியில் நன்றாகத்தான் எரிகிறது. உங்கள் இன்வெர்ட்டரில்தான் எரியவில்லை என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். "அது இன்ஸ்டலேஷன் டீம் சார், நாங்க சர்வீஸ்" என்றார். ஐந்து பல்பையும் திரும்பத் துண்டில் சுற்றினேன்.

இப்போது மூன்றாவது போன் காலுக்கு வருகிறேன். இருபத்திரண்டு நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒருவர் எடுத்தார். அனுப்பியிருந்த வீடியோவைப் பார்த்தீர்களா என்றேன். மொபைல் கேமராவில் எல்இடி அப்படித்தான் தெரியும் என்றார். ஐயா, 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும், அது கேமராவில் பட்டை பட்டையாகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது அதை இல்லை. வெறும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய சிமிட்டல். இதைச் சொன்னதும் அவர், "சார், உங்களுக்கு என்ன வயசு?" என்றார். அறுபத்து மூன்று என்றேன். "அப்போ ஒரு தடவை கண்ணைக் காட்டிருங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது.

போன வருடம்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தேன். ஊசியில் நூல் கோர்ப்பேன், உங்கள் ஊழியரையும் வைத்துக்கொண்டு கோர்த்துக் காட்டுகிறேன். என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அவளுக்கும் கண் கெட்டுவிட்டதா? இந்த விளக்கில் மெரூன் துணிக்கு அரக்கு நூல் போட்டு, ஒரு கல்யாண ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வருமானம் போயிற்று. ஆடியில் யார் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆவணியிலும் அதே கதைதான்.

உங்கள் பொருள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அதுவரை போன் செய்த மூன்று முறையும் யாரும் கேட்காத ஒரு கேள்வியை எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் வந்ததும் கேட்டார்: "பைபாஸ்ல போட்டா எப்படி இருக்கு?" பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி, வீட்டை நேராக ஈபியில் விட்டார். அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு சிமிட்டல்கூட இல்லை. திரும்ப இன்வெர்ட்டருக்கு மாற்றினார், ஆரம்பித்துவிட்டது. அதே பல்பு, அதே வயரிங்.

இன்வெர்ட்டரின் அடியில் வயர் போகும் இடத்து மூடியைக் கழற்றினார். அவுட்புட் நியூட்ரல் வயரில் மேல் தோலைச் சரியாகச் சீவாமலே டெர்மினலுக்குள் செருகியிருக்கிறார்கள். ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக் தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்றோ நான்கோ மயிரிழைச் செம்புதான் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் தோல் கறுத்து, விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. மிக்ஸி போட்டால் அந்த நான்கு இழை வழியாகத்தான் அத்தனை கரண்டும் போக வேண்டும், வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஃபேன் சுற்றுகிற வேகத்தில் அது தெரியாது. பழைய குண்டு பல்பு என்றால் கண நேரத் தடையை இழையில் இருக்கும் சூட்டிலேயே ஓரளவு சமாளித்துவிடும். எல்இடி அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் கோளாறு என்றாரே, அவரிடம் இதோடு இணைத்திருக்கும் டெர்மினல் போட்டோவைக் காட்டுங்கள்.

வாரன்டி இருப்பதால் எலெக்ட்ரீஷியன் அந்த வயரைத் தொடவில்லை. "அவங்களே வந்து செய்யட்டும், இப்படியே விட்டா ஒருநாள் தீப்பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு மூடியை மாட்டிப் போனார். போட்டோவோடு நான்காவது முறை உங்களைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றியதால் வாரன்டி செல்லாது என்றார்கள்! அந்த மூடியில் சீல் எதுவும் கிடையாது. உங்கள் சீல் ஸ்டிக்கர் பக்கவாட்டில், பெட்டியின் உடம்பில் ஒட்டியிருக்கிறது. கிழியாமல் அப்படியே இருக்கிறது, அதற்கும் போட்டோ இணைத்திருக்கிறேன்.

பயந்துகொண்டு ஒன்றரை மாதமாக வீட்டை பைபாஸிலேயே ஓட்டுகிறேன். இரண்டரை லட்ச ரூபாய் பேனல் மாடியில் சும்மா வெயில் காய்கிறது. அதில் வடாம் காயப்போட்டாலாவது பிரயோஜனம் உண்டு. போன ஈபி பில் ரூ.3,140. எங்கள் குடும்பத்தின் நிம்மதியையே கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. மாட்டிக் கொடுத்த பிள்ளைகள் நல்ல வெயிலில் கஷ்டப்பட்டுத்தான் வேலை செய்தார்கள், அவர்கள் வேலையை எடுத்துவிடாதீர்கள். ஏழு நாளுக்குள் தகுதியான ஒருவரை அனுப்பி அந்த டெர்மினலைச் சரிசெய்து, மற்ற இணைப்புகளையும் பார்த்து, வாரன்டி தொடர்கிறது என்று எழுதிக் கொடுங்கள். கண்ணைப் பற்றிப் பேசியவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை. நான் ஓய்வுபெற்றவன், எனக்கு நேரம் இருக்கிறது. அலைய வேண்டியது நீங்கள்தான். முழுப் பணத்தோடு நஷ்டஈடு ஐந்து லட்சமும் கேட்பேன், பதினொரு பல்பும் மதுரை பஸ் கட்டணமும் அதில் சேரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: வருகிறவர் ஸ்க்ரூடிரைவர் கொண்டு வரட்டும். மாட்ட வந்த அன்று என்னிடம்தான் இரவல் கேட்டார்கள். வாங்கியது இன்னும் திரும்பி வரவில்லை.