மெஷின் வாங்கும் முன்: டர்பன் தமிழ்ச் சங்கக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழ்ச் சங்க, கோயில் கமிட்டியாருக்கு,

வணக்கம். புரட்டாசி முடிந்து உண்டியல் எண்ணியாகிவிட்டது. அன்னதானச் செலவு போக மீந்த பணத்தில், பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் மெஷின் ஒன்றை அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்ற பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல மனசு. செக்கில் கையெழுத்துப் போடும் முன் நான் சொல்வதையும் கேட்டுவிடுங்கள். இதே ஊரில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவளாக, இருந்தவள் நான். பல வருடம் இந்தச் சோதனைத் திட்டத்தை 'ஒருங்கிணைத்தேன்'. அந்த மேற்கோள் குறி ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மெஷின் செய்யும் வேலை சின்னது. குழந்தை தூங்கும்போது காதில் ஒரு ரப்பர் முனையைச் செருகினால், அது மெல்ல ஒலி அனுப்பும். உட்காது நன்றாக இருந்தால் அங்கிருந்து ஒரு நுண்ணிய ஒலி திரும்பி வரும். ஓ.ஏ.இ. என்பார்கள். திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று விழும், அவ்வளவுதான். பிறந்து ஒரு நாள் ஆகாத குழந்தையின் காதுக்குள் மெழுகு போன்ற வெள்ளைப் பூச்சும், நடுக்காதில் நீரும் இருக்கும். அதனால் நல்ல காதுக்குக்கூட 'ரெஃபர்' வரலாம். நம் அரசு ஆஸ்பத்திரியிலோ சுகப்பிரசவமான தாயைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே 'ரெஃபர்' என்றால் 'செவிடு' என்று அர்த்தமில்லை, 'திரும்ப வா' என்றுதான் அர்த்தம். திரும்ப வந்தார்களா என்பதை மெஷின் சொல்லாது.

ஒரு டிசம்பரில் ஆண்டறிக்கைக்காக என் நோட்டைப் புரட்டினேன். ஒரே பக்கத்தில் மூன்று 'பேபி கோவெண்டர்'. அடுத்த பக்கத்தில் இரண்டு 'பேபி ட்லாமினி'. பேர் வைப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிற குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயர்தானே? ஆறாவது வாரம் தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போது அதே பிள்ளைக்கு அப்பாவின் பெயர் வந்திருக்கும். என் நோட்டில் இருக்கும் குழந்தையும் கிளினிக் சிஸ்டர் கையில் இருக்கும் குழந்தையும் ஒன்றுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, போன் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. ப்ரீபெய்டு சிம்மை மாற்றியிருப்பார்கள். ஒரு வீட்டில் ஆயா எடுத்தார். "அதெல்லாம் சரியாப் போச்சும்மா, காவடி மேளம் அடிச்சா டக்குனு திரும்பறான்" என்றார். மேளத்தின் அதிர்வு நெஞ்சில் அடிக்கும், துளியும் காது கேட்காத பிள்ளைகூடத் திரும்பும் என்று விளக்கினேன். "அவன் தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று பதில் வந்தது. எப்படியாவது கூட்டி வாருங்கள் என்று கெஞ்சிவிட்டு வைத்தேன்.

அந்தப் பையன் வந்தானா? என் நோட்டில் இல்லை. வந்து வேறு யாராவது பார்த்திருக்கலாம், தனியார் ஆடியாலஜிஸ்டிடம் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். தொடர்பு அறுந்த குழந்தை ஒன்று, பதிவு அறுந்த குழந்தை இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. முன்னதற்கு வீடு தேடிப் போகவேண்டும், பின்னதற்கு ஒரு தாளை ஒழுங்காக நிரப்பினால் போதும். எனக்கு எது எத்தனை என்று தெரியவில்லை. அறிக்கையில் 'இவ்வளவு குழந்தைகளைச் சோதித்தோம்' என்று மட்டும் எழுதினேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்த வருடம் அந்த வார்டில் மொத்தம் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு விதிமுறை தெரியாமல் இல்லை. 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும். 1998இல் கொலராடோவில் வந்த ஆய்வு, 6 மாதத்துக்குள் கண்டுபிடித்த பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, பிந்திக் கண்டுபிடித்தவர்களைவிட நன்றாக இருந்தது என்று காட்டியது. குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் 2007 அளவுகோல்கள் இன்னும் மனப்பாடம்: 95 சதவீதத்துக்கு மேல் சோதிக்கவேண்டும், மேல்பரிசோதனைக்குப் போகிறவர்கள் 4 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேருக்கு 3 மாதத்துக்குள் அது முடிந்திருக்கவேண்டும். நம் நாட்டு மருத்துவத் தொழில்களுக்கான மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வும் 2007இல் வழிகாட்டி போட்டு 2018இல் திருத்தியது. எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் என்று சட்டம் மட்டும் வரவில்லை. இத்தனையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் திட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று சொல்ல நாலு எண் வேண்டும்: பிறந்தவர், சோதித்தவர், 'ரெஃபர்' ஆனவர், திரும்பியவர். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, சோதித்தவர்.

நாலு வருடம் படித்த படிப்பில் காதைப் படித்தேன். திட்டத்தை எப்படி எடைபோடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் 'இனி நீதான் கோஆர்டினேட்டர்' என்று ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். கூட இருந்த பெண், படிப்பு முடித்தவர்கள் செய்யவேண்டிய கட்டாயச் சமூக சேவை வருடத்தை முடித்துக்கொண்டு டிசம்பரில் கிளம்பினாள். அவள் நோட்டில் போட்டிருந்த சுருக்கெழுத்தின் அர்த்தமும் அவளோடு போயிற்று.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதற்கென்றே ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு. பிறக்கும் குழந்தைகளில் 98 சதவீதத்துக்கு மேல் அங்கே சோதிக்கப்படுகிறார்கள். அப்படியும் திரும்பி வராதவர்களின் கணக்கு அவர்களுக்குத் தலைவலிதான். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1999லேயே திட்ட மதிப்பீட்டுக்கு ஆறு படி வகுத்தது. யார் யாருக்கு அக்கறை என்று பார்ப்பதில் தொடங்கி, கண்டதைப் பயன்படுத்துவது வரை அது போகும். ஒருங்கிணைப்பாளர்களுக்கே மதிப்பீடு செய்யும் திறன் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அங்கே ஒரு கேள்வியாக எடுத்துப் பார்க்கிறார்கள். நம் பக்கம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் கேளுங்கள் என்பதற்குத்தான் இந்த மடல்.

கேட்பது என்றால், 'உங்கள் திறனுக்கு 5க்கு எவ்வளவு?' என்று படிவம் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கொடுத்திருந்தால் கூசாமல் 4 போட்டிருப்பேன். இங்குள்ள ஒருங்கிணைப்பாளர்களோடு அவர்கள் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து இப்படிக் கேளுங்கள். போன மாதம் வார்டில் உயிரோடு பிறந்தவர்கள் எத்தனை, அந்த எண் பிரசவ வார்டு ரெஜிஸ்டரிலிருந்து உங்கள் கைக்கு எப்படி வருகிறது? சோதிக்காமல் விட்டவர்கள் எந்தக் கிழமை பிறந்தவர்கள்? (சனி, ஞாயிறு என்றுதான் வரும், பந்தயம் கட்டுகிறேன். எங்களுக்கு அன்று லீவு.) 'ரெஃபர்' ஆன ஒரு குழந்தையை எடுத்து, இன்று அது எங்கே இருக்கிறது என்று காட்ட முடியுமா? இந்த எண்களைப் பார்த்து இந்த வருடம் எதையாவது மாற்றினீர்களா? கடைசிக் கேள்விக்கு மௌனம்தான் வரும் என்றால், பயிற்சி எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று தெரிந்துவிடும். தயவுசெய்து குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் மட்டும் கேட்காதீர்கள். பயந்தால் நோட்டை மூடிவிடுவார்கள், நானும் மூடியிருக்கிறேன்.

இது உங்களுக்கு வராத வேலை இல்லை. உண்டியலில் பத்து ரேண்ட் இடித்தால் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து மறுபடி எண்ணுகிற ஆட்கள் நீங்கள். ரிட்டயர் ஆன கணக்கர்கள் கமிட்டிக்குக் கமிட்டி இருக்கிறார்கள். பிறந்தவர், சோதித்தவர், பாக்கி. 'ரெஃபர்' ஆனவர், திரும்பியவர், பாக்கி. பேரேடு மாதிரிதானே? மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்து, ஐந்தொகை எடுக்கிற மாதிரி இதை எடுக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். குழந்தைகளின் பெயர் உங்களுக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும்.

பணத்தையும் அதற்குத் தக்கபடி பிரியுங்கள். அரைநாள் வேலைக்கு ஒரு கிளார்க், சுலுவும் இங்கிலீஷும் பேசத் தெரிந்தவராக. போனுக்கு ஏர்டைம். தாயின் கையில் இருக்கும், குழந்தையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் எழுதுகிற ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் ஒட்ட, சோதனை முடிவு எழுதிய ஸ்டிக்கர். அதுதான் பெயர் மாறினாலும் குழந்தையோடு கிளினிக்குக்குப் போகும். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற மெஷின் எத்தனை குழந்தையைத் தவறவிடுகிறது, ஏன் என்று தெரிந்தபின், இன்னொன்று தேவைப்பட்டால் வாங்குங்கள்.

இன்னொன்று. காது கேட்கும் கருவி மாட்டிய பிள்ளைகளை மட்டும் 'வெற்றி' என்று எண்ணாதீர்கள். 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இந்நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆனது. 'கையால் பேசவைத்துவிடுவார்களோ' என்று பயந்தே திரும்பி வராத குடும்பங்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஏதோ ஒரு மொழி காலத்தோடு கிடைத்ததா என்பதும் அந்தப் பேரேட்டில் ஒரு பத்தியாக இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை கூட்டத்துக்கு என் பழைய நோட்டின் சில பக்கங்களை, பெயரும் போன் எண்ணும் மறைத்த நகலாக, கொண்டுவருகிறேன். பொருளாளர் ஐயாவைக் கண்ணாடி எடுத்துவரச் சொல்லுங்கள். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு பழைய கோஆர்டினேட்டர்