ஃபுல்-டைம் ஃபோர் வீல் டிரைவை பார்ட்-டைம் ஆக்கலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய லேண்ட் குரூசர் 80, டிஃபெண்டர், முதல் தலைமுறை டிஸ்கவரி வைத்திருக்கும் பலரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை, தேவைப்படும்போது மட்டும் இழுக்கும்படி மாற்றித் தர முடியுமா? முடியும். ஆனால் மாற்றிய பிறகு வண்டியின் குணமே வேறு. அதனால் வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில் ஓடுகின்றன. அதனால் முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்ட் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். அதற்குள் இருக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கிறது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. 1983இல் வந்த லேண்ட் ரோவர் ஒன் டென்னும் அதே வழியில் போனது. மழையில் நனைந்த தார் ரோடு, ஜல்லி ரோடு, மலைப்பாதை எதுவானாலும் ஓட்டுபவர் எதையும் தொடாமலே நாலு டயரும் வேலை செய்யும். மாற்றும்போது நீங்கள் விட்டுக்கொடுப்பது இதைத்தான்.

இந்த மாற்றத்துக்கான பாகங்கள் அடங்கிய கிட்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்து சென்டர் டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பின் ஷாஃப்டுக்கு நேராகச் சக்தி தரும் பாகத்தைப் போடுவது. முன்பு சென்டர் லாக்குக்கு (சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டி, முன், பின் ஷாஃப்டுகளை ஒரே வேகத்தில் சுற்றவைப்பது) இருந்த கண்ட்ரோல் இனி முன் ஷாஃப்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் பயன்படும். மற்றொன்று, முன் சக்கரங்களுக்கு ஃப்ரீ வீலிங் ஹப்: சக்கரத்தை ஆக்சிலோடு கையால் திருப்பிச் சேர்க்கவும் (லாக்) பிரிக்கவும் (ஃப்ரீ) உதவுவது. அது இல்லாவிட்டால், டூ வீல் டிரைவில் போகும்போதும் முன் சக்கரங்கள் ஆக்சில், கிரவுன் (ஆக்சில் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரம்), ஷாஃப்ட் எல்லாவற்றையும் வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஹப் மட்டும் போட்டுக்கொடுங்கள், டிரான்ஸ்பர் கேஸைத் தொட வேண்டாம்" என்று சிலர் கேட்கிறீர்கள். செலவு குறையும் என்பது புரிகிறது. ஆனாலும் அதை நாங்கள் செய்ய மாட்டோம். சென்டர் டிஃபரன்ஷியல் உள்ளேயே இருக்க, ஹப்பை ஃப்ரீ செய்தால், இன்ஜினின் சக்தி முழுவதும் தடையில்லாத முன் ஷாஃப்டுக்குப் போய்விடும், வண்டி நகராது. நகர வேண்டுமானால் சென்டர் லாக்கை எந்நேரமும் போட்டே வைத்திருக்க வேண்டும். அந்த லாக் எப்போதாவது விட்டுவிட்டால், ஏற்றத்தில் இழுவை போய்விடும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக் போய்விடும். ஆட்டோமேட்டிக் வண்டியை 'பார்க்'கில் நிறுத்தியிருந்தாலும் உருண்டுவிடும். குடும்பத்தில் வேறொருவர் விவரம் தெரியாமல் அந்த வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முழுதாக மாற்றிய வண்டியிலும் கவனிக்க வேண்டியது உண்டு. சாதாரண ரோட்டில் பின் ஷாஃப்ட், பின் கிரவுன், பின் ஆக்சில்தான் முழுச் சுமையையும் தாங்கும். பின் டயர் சீக்கிரம் தேயும். கனமான டிரெய்லர் இழுப்பவர்கள் பின் ஆக்சிலின் நிலையை முதலில் எங்களிடம் காட்டுங்கள். ஈரமான இறக்கத்தில் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், முன்பு நாலு சக்கரமும் பங்கிட்டுக்கொண்ட இன்ஜின் பிரேக் இனி பின் சக்கரங்கள் இரண்டில் மட்டும் விழும்; பின்பக்கம் வழுக்கலாம்.

டீசல் மிச்சமாகும் என்ற ஒரே எண்ணத்தில் வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: கிட்டும் கூலியும் சேர்ந்த செலவை அந்த மிச்சம் ஈடுகட்டும் என்று நாங்கள் வாக்குத் தர மாட்டோம். சென்டர் டிஃபரன்ஷியல் தேய்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கிறது; அல்லது லேண்ட் குரூசர் 80-இல் சென்டர் டிஃபரன்ஷியலோடு இருக்கும், கெட்டியான திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங் இறுகி, மெதுவாகத் திருப்பும்போது வண்டி இழுத்துப் பிடிக்கிறது. எப்படியும் டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்தாக வேண்டிய இந்த நேரத்தில் மாற்றுவது நியாயமான முடிவு. ஓட்டம் பெரும்பாலும் காய்ந்த தார் ரோட்டில்தான் என்றால் இன்னும் பொருந்தும். ஸ்டீயரிங்கும் கொஞ்சம் லேசாகும். மழையிலும் மலையிலும் அதிகம் ஓடும் வண்டியானால், சென்டர் டிஃபரன்ஷியலையே சரிசெய்து அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வோம். வழுக்கும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து அடக்கும் எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உள்ள வண்டிகளை நாங்கள் மாற்றுவதே இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்பித்தான் பிரேக்கைப் பிடிக்கிறது.

மாற்றியபின் பழக வேண்டியவை கொஞ்சம்தான். சேற்றில் மாட்டிய பிறகு இறங்கி ஹப்பைத் திருப்புவது பெரும் பாடு. சேறு வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி இரண்டு ஹப்பையும் லாக் செய்துவிடுங்கள். ஹப் லாக்கில் இருந்தாலும், லீவர் டூ வீலில் இருக்கும்வரை தார் ரோட்டில் ஓட்டலாம், கெடுதல் இல்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டுவைத்தாலும் சரி. ஆனால் காய்ந்த ரோட்டில் லீவரை ஃபோர் வீலில் போட்டு ஓட்டவே கூடாது. முன், பின் ஷாஃப்டுகளின் சுற்று வித்தியாசத்தைத் தாங்க இப்போது உள்ளே எதுவும் இல்லை. ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், ஷாஃப்டுகள் முறுக்கேறும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் ஆக்சில் சுற்றினால்தான் ஆயில் மேலே இருக்கும் பேரிங், சீல் வரை போய்ச் சேரும்.

மாற்றிய வண்டி ஒவ்வொன்றிலும் லீவர் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம்: எந்த நிலை டூ வீல், எந்த நிலை ஃபோர் வீல் என்று. அதைக் கிழிக்காதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் இந்த மாற்றத்தைச் சொல்லி, ஹப்பை எப்படித் திருப்புவது என்றும் காட்டிக்கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள். உங்களோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்து, அடியில் பரிசோதித்த பிறகே மாற்றலாமா வேண்டாமா என்று சொல்வோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து